மன்னித்துவிட்டேன் என்று மேடையில் சொல்லச் சொல்கிறார்கள்

கடிதம் நீளமானது. எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் பெயர், ஊர், நாடு, நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கிறிஸ்தவத் தாய். மூன்று வருஷங்களுக்கு முன்பு ஞாயிறு ஆராதனையில் குண்டு வெடித்து அவருடைய ஒரே மகன் இறந்துபோனான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். "நான் வரலை, நீயாவது போயிட்டு வா" என்று அவர்தான் அனுப்பி வைத்திருக்கிறார். குண்டு வைத்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி அதைச் செய்தார்கள். குண்டோடு உள்ளே வந்தவன் அங்கேயே செத்தான். உதவியவர்கள் மீது வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வெகுநாள் பழக்கம். செய்தி தெரிந்ததும் முதலில் ஓடிவந்தவர் அந்த வீட்டுப் பெண்தான். இரவு முழுக்க இவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒரு மாதம் போனதும், "அவளைப் பார்த்தாலே கை கால் நடுங்க ஆரம்பித்தது, கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன்" என்கிறார். அந்தப் பெண் இன்றுவரை ஏன் என்று கேட்கவில்லை. போன வாரம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "அக்கா, நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி" என்று அதில் ஒரு வரி.

இதற்கிடையில் இவருடைய சபையும் அங்குள்ள பள்ளிவாசலும் சேர்ந்து ஒரு சமாதானக் கூட்டம் நடத்துகின்றன. அதில் இவர் மேடையேறி, "கொலைகாரர்களை நான் மன்னித்துவிட்டேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்கிறார். தம்பியோ, "அவங்க எல்லாரும் ஒண்ணுதான், போகவே கூடாது" என்று தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். கடிதம் இப்படி முடிகிறது: "என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படியென்றால் எனக்கு விசுவாசமே இல்லையா? என் பாவத்துக்காகத்தான் தேவன் என் பிள்ளையை எடுத்துக்கொண்டாரா? முஸ்லிம்களை நான் எப்படி மன்னிப்பது?"

அன்புள்ள சகோதரி,

நான் போதகர் அல்ல, மனநல ஆலோசகர். ஆனால் உங்கள் கேள்விகளில் பாதி விசுவாசத்தைப் பற்றியவை. அவற்றைத் தொடாமல் எழுதினால் அது உங்களுக்கு உதவாது. அதனால் நான் நம்புகிற வேதத்தையும் என் தொழில் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காய்ச்சலாக இருந்த ஒரு தாய், மகனை ஆராதனைக்குப் போகச் சொன்னாள். நீங்கள் செய்தது அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் எங்கே குற்றம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. கொன்றவர்களின் திட்டத்தில் உங்கள் காய்ச்சலுக்கு எந்தப் பங்கும் இல்லை. உயிர் தப்பியவர்கள் பெரும்பாலும் இப்படித் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். "என்னால்தான்" என்று நினைப்பது, "காரணமே இல்லாமல் நடந்தது" என்று ஒப்புக்கொள்வதைவிட மனதுக்குச் சுலபம் என்பது அதற்கு ஒரு காரணம். குற்ற உணர்ச்சி வலித்தாலும், நடந்ததற்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். அந்த விளக்கம் பொய் என்பதுதான் சிக்கல்.

பாவத்துக்குத் தண்டனையா என்ற கேள்வியை இயேசுவிடமே கொண்டுபோயிருக்கிறார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இரண்டு செய்திகள் வருகின்றன. பலி செலுத்த வந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து கொன்றது ஒன்று, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது இன்னொன்று. முதலாவது, வழிபாட்டில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட செய்தி என்பதைக் கவனியுங்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். உடனே எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று சொல்கிறார், அது வேறு விஷயம். ஆனால் செத்தவர்கள் மேல் அவர் பழி போடவில்லை. பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் தேவன் அவர்களைத்தான் கோபிக்கிறார், கத்தித் தீர்த்த யோபுவை அல்ல. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, நடுவில் ஒரு ஆறுதல் வரி கூடக் கிடையாது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே தேவனோடு சண்டை போடுவதை விசுவாசம் இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத ஒருவரோடு யாரும் மூன்று வருஷம் சண்டை போட மாட்டார்கள். ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று யாராவது அவசரமாகச் சொன்னால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

மன்னிப்புக்குக் கெடு கிடையாது

நீங்கள் மன்னிக்காவிட்டால் பரமபிதாவும் உங்களை மன்னிக்க மாட்டார் என்ற வசனத்தைப் போதகர் உங்களுக்கு நினைவூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மத்தேயு ஆறாம் அதிகாரம். அந்த வசனம் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அது தினமும் செய்யச் சொன்ன ஒரு ஜெபத்தைத் தொடர்ந்து வருகிறது. தினமும் கேட்கச் சொன்னதென்றால், ஒரே நாளில் முடிகிற காரியம் அது அல்ல என்றுதானே அர்த்தம்? ஒரு கூட்டத்தின் தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. சிலுவையில் இயேசு சொன்னதைப் பாருங்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று பிதாவிடம் கேட்டார். "என்னால் இப்போது முடியவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று நீங்கள் சொன்னால் அதையும் நான் ஜெபமாகவே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குச் செய்ததை நீங்கள் மன்னிக்கலாம். உங்களைப் பிள்ளையில்லாத தாயாக்கியது, உங்கள் தூக்கத்தைப் பறித்தது, இதெல்லாம் உங்கள் கணக்கு. உங்கள் மகனுக்குச் செய்ததை அவன் சார்பில் மன்னிக்கும் பொறுப்பை யாரும் உங்கள் தலையில் வைக்க முடியாது. அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் தலைவர் கிறிஸ்தியான் டி ஷெர்ஜே என்ற பிரெஞ்சுத் துறவியின் கதை உங்களுக்குப் பயன்படும். இளம் அதிகாரியாக அல்ஜீரியப் போரில் இருந்தபோது முகமது என்ற முஸ்லிம் நண்பர் அவர் உயிரைக் காப்பாற்றினார். அதற்காகவே முகமது பிறகு கொல்லப்பட்டார். பல வருஷம் கழித்து, வன்முறை மடத்தை நெருங்கிய 1993-94இல், தான் கொல்லப்பட்டால் திறந்து பார்க்கும்படி ஷெர்ஜே ஒரு கடிதம் எழுதி வைத்தார். தன்னைக் கொல்பவனை அதில் மன்னிக்கிறார். தன் சாவை வைத்து அல்ஜீரியர்களையோ இஸ்லாத்தையோ மொத்தமாகக் குற்றம் சாட்டிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். 1996இல் அவரும் இன்னும் ஆறு துறவிகளும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கொன்றது யார் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. இதை நான் சொல்வது அவரைப் போல நீங்களும் இருங்கள் என்பதற்காக அல்ல. அந்த மன்னிப்பை அவரே எழுதினார், தன் உயிருக்காக, யாரும் கேட்காமல், தனியாக உட்கார்ந்து. வேறொருவர் எழுதிக் கொடுத்து அவர் மேடையில் வாசித்திருந்தால் அதற்கு இந்த மதிப்பு இருந்திருக்காது.

மன்னிப்பும் நீதியும் ஒன்றோடொன்று மோதுபவை என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. "மன்னித்தால் வழக்கை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கொலை வழக்கைப் பெரும்பாலான நாடுகளில் அரசுதான் நடத்துகிறது, நீங்கள் விட்டாலும் அது நிற்காது. 2019 மார்ச்சில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். மனைவியைப் பறிகொடுத்த ஃபரித் அகமது என்பவர் அவனை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருஷம் தீர்ப்புக்கு முன்பு குடும்பத்தினர் ஒவ்வொருவராக நீதிமன்றத்தில் பேசியபோது சிலர் மன்னித்தார்கள், சிலர் ஒருபோதும் மன்னிக்க மாட்டோம் என்றார்கள். இரண்டு தரப்பையும் நீதிமன்றம் கேட்டது. கொலைகாரனுக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை

"முஸ்லிம்களை எப்படி மன்னிப்பது" என்ற கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது, சகோதரி. கிறைஸ்ட்சர்ச்சில் சுட்டவன், முஸ்லிம்களுக்கு எதிரான பழைய ஐரோப்பியப் போர்களின் பெயர்களைத் தன் துப்பாக்கிகளில் எழுதி வைத்திருந்தான். அந்தப் போர்களில் பலவற்றைச் சிலுவையின் பெயரைச் சொல்லித்தான் நடத்தினார்கள். நாளைக்கு அங்கே மனைவியை இழந்த ஒருவர், "இந்தக் கிறிஸ்தவப் பெண்ணை நான் எப்படி மன்னிப்பேன்" என்று உங்களைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் என்ன செய்தேன் என்றுதானே? உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒன்றும் செய்யவில்லை. அவர் செய்ததெல்லாம் அன்று இரவு உங்களோடு இருந்தது மட்டுமே. குற்றமே செய்யாதவரை மன்னிக்க முயன்றால் அது எப்படி முடியும்? மூன்று வருஷமாக நீங்கள் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் ஏன் உடம்பு நடுங்குகிறது? இதை வெறுப்பு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்தச் செய்தி வந்த இரவு முழுக்க உங்கள் கண் எதிரே இருந்த முகம் அவருடையது. அதிர்ச்சியின்போது கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் ஆபத்தோடு சேர்த்தே மூளை பதிவு செய்துவிடும். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாலே உடம்பு மறுபடி அந்த இரவுக்குப் போய்விடும். நடுக்கம், திடுக்கிட்டு எழுவது, தேவாலய மணி கேட்டால் வியர்ப்பது, சம்பந்தப்பட்ட எதையும் தவிர்ப்பது என்று நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகளோடு ஒத்துப்போகின்றன. கடிதத்தை மட்டும் வைத்து அதுதான் என்று நான் முடிவு கட்டக் கூடாது. நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் ஆகிய இரண்டையும் இதற்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. ஜெபத்தால் குணமாகாததால்தானே டாக்டரிடம் போகிறோம் என்று கூச்சப்படாதீர்கள். அன்றைய காய்ச்சலுக்கு மாத்திரை போட்டபோது அப்படி நினைத்தீர்களா?

கல்யாணத்துக்குப் போகலாமா? இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். கூட்டமும் சத்தமும் உங்களுக்கு இன்னும் ஆகாது. ஆனால் பத்திரிகைக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு சின்ன மெசேஜ் போதும். "என் மேல் கோபப்படாமல் இருந்ததற்கு நன்றி. உன்னைப் பார்த்தால் அந்த இரவு ஞாபகம் வந்துவிடுகிறது, அதனால்தான் ஒதுங்கினேன். நீ எதுவும் தப்பு செய்யவில்லை. மகளுக்கு என் ஆசீர்வாதம்." இதில் பொய் எதுவும் இல்லை. கல்யாண ஆரவாரம் அடங்கிய பிறகு, பகல் நேரத்தில், வாசலில் நின்றபடி இரண்டு நிமிஷம் பேசிப் பாருங்கள். நடுங்கினால் பரவாயில்லை, உள்ளே வந்துவிடலாம், அடுத்த வாரம் மறுபடி முயலலாம். கதவு மூடியது ஏன் என்று அவர் கேட்காததற்கு மரியாதை ஒரு காரணமாக இருக்கலாம். பயமாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட தாக்குதல்களுக்குப் பிறகு தெருவில் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுவது அவரைப் போன்றவர்கள்தான்.

தம்பியின் வீடியோக்கள்

உங்கள் தம்பியின் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவரும் மருமகனைப் பறிகொடுத்தவர். உலகில் சில இடங்களில் கிறிஸ்தவர்கள் விசுவாசத்துக்காகவே கொல்லப்படுகிறார்கள் என்பதும் உண்மை, அதைச் சமாதானம் என்ற பெயரில் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "எல்லாரும் ஒண்ணுதான்" என்பது உண்மை அல்ல. 2017 ஏப்ரலில் குருத்தோலை ஞாயிறன்று எகிப்தில் இரண்டு தேவாலயங்களில் குண்டு வெடித்தது, பொறுப்பேற்றது ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பு. அதே வருஷம் நவம்பரில், அதே நாட்டில், சினாயில் ஒரு பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்திருந்த 300க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்கள் கையில் ஐஎஸ் கொடி இருந்ததாக அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. எல்லாரும் ஒன்று என்றால் தங்கள் ஆட்களையே ஏன் கொல்ல வேண்டும்?

வசனங்களை வெட்டி எடுத்து வீடியோ செய்வது சுலபம். எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதி அடிப்பதைப் பற்றிய 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துப் போட்டால் நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் 8ஆம் வசனம் ஒன்றும் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் மேல் உள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற பொருளில் வருவது. அது தம்பியின் வீடியோக்களில் வராது. அவரோடு வாதாட வேண்டாம், உங்களுக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை. "என் பிள்ளை படத்தைப் போட்டு இதை யாருக்கும் அனுப்பாதே, எனக்கும் அனுப்பாதே" என்று மட்டும் சொல்லுங்கள். தாய்க்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்றால் அந்த எண்ணை மியூட்டில் போடுங்கள்.

அந்த மேடை

கூட்டமே தப்பு என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து உட்காருவது நல்ல காரியம். வேறு மதத்தாரோடு ஒரே மேடையில் இருந்தால் விசுவாசத்தை மறுதலித்ததாகுமோ என்ற உங்கள் பயத்துக்கு, 1986இல் இத்தாலியின் அசிசியில் போப் இரண்டாம் ஜான் பால் கூட்டிய கூட்டத்தைச் சொல்லலாம். பல மதத்தாரும் ஜெபிக்க ஒன்றுகூடினார்கள், ஆனால் எல்லாரும் ஒரே ஜெபத்தைச் சொல்லவில்லை, அவரவர் முறையில் செய்தார்கள். இயேசுவின் சிலுவை மரணத்தை நாம் நம்புகிறோம், அவர்கள் ஏற்பதில்லை. அதை மறைத்துக்கொண்டு கைகுலுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

நீங்கள் பேசுவதில்தான் எனக்குத் தயக்கம். மனதில் இல்லாததை நூறு பேர் முன்னால் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு, "பொய் சொன்னேன்" என்ற பாரம் கூடச் சேரும். அது வீடியோவாகி எங்கெங்கோ போகும், திரும்பப் பெற முடியாது. வழக்கு நடக்கும்போது "தாயே மன்னித்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு தண்டனைக் குறைப்புக்கு அதைப் பயன்படுத்தப் பார்க்கலாம். அதனால் வெளியில் எதுவும் பேசுவதற்கு முன்பு அரசு வழக்கறிஞரையோ உங்கள் வக்கீலையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒப்புக்கொண்ட பிறகு கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. மகனுடைய படத்தைப் போஸ்டரில் போடுவதென்றால் உங்களைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

நைஜீரியாவின் கதுனாவில் ஜேம்ஸ் வூயே என்ற பாஸ்டரும் முகமது அஷாஃபா என்ற இமாமும் இருக்கிறார்கள். 1992 கலவரத்தில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். பாஸ்டர் ஒரு கையை இழந்தார், இமாம் தன் குருவையும் உறவினர் இருவரையும் இழந்தார். 1995இல் சந்தித்தார்கள், பிறகு சேர்ந்து சமாதான வேலை செய்தார்கள். சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் வெறுப்பு உடனே போய்விடவில்லை என்று வூயே வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கதையில் பிடித்த பகுதி இதுதான். மனசு முழுதாக மாறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, மாறிவிட்டதாக நடிக்கவும் இல்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12இல் பவுல் எழுதும்போது எத்தனை நிபந்தனை வைக்கிறார் பாருங்கள். கூடுமானால். உங்களாலானமட்டும்.

கூட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போதகரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். நேரில் முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்: "ஐயா, நான் மேடையில் பேசவில்லை. முடிந்தால் பின்வரிசையில் வந்து உட்காருவேன், முடியாவிட்டால் வரமாட்டேன். என் மகன் பெயரை வாசிப்பதாக இருந்தால் கூடவே இதையும் வாசியுங்கள்: அவன் அம்மா இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அவன் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் வெறுப்பதை அவள் விரும்பவில்லை." இதைவிடக் கூடுதலாக அவர் கேட்டால், அவர் கேட்பது உங்களுக்காக அல்ல, நிகழ்ச்சிக்காக என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக, "நானும் அன்றைக்கே போயிருக்கலாம்" என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். அந்த எண்ணம் அடிக்கடி வருகிறதென்றால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற திட்டமாக மாறுகிறதென்றால், போதகர், கூட்டம், வழக்கு எல்லாம் அப்புறம். அன்றைக்கே ஒரு மருத்துவமனைக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.